ஒன்பதரைக்குப் பிறகு ஆவுடை டீச்சர்

செய்தி வந்தபோது நான் நெய்யாற்றின்கரையில் ஒரு பல் மருத்துவர் வீட்டு வராந்தாவில், கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, இரண்டு நாள் தூங்காத மனிதனுக்குள்ள சகல உரிமைகளோடும் முனகிக்கொண்டிருந்தேன். விடுப்புச் சொல்லும்போது எந்த மருத்துவர் என்பதையும் பள்ளியில் சொல்லி வைத்திருந்தேன். அதனால் தலைமையாசிரியர் பக்கத்து மருந்துக்கடைக்கு ஃபோன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். ஆவுடை டீச்சர் காலையில் போய்விட்டார் என்றார். எங்கே என்று கேட்டேன். மறுமுனையில் அவர் எடுக்கிற நேரத்தைச் சொன்னார். எனக்குப் புரிந்ததும் ரிசீவரை வைத்துவிட்டு, மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் பாறசாலை பஸ்ஸைப் பிடித்தேன். அமரவிளைப் பாலம் தாண்டியபோதுதான் பல் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. ஒற்றைப் பல்லுக்கு இரண்டு நாளாக வீட்டையே தலைகீழாக்கிய நான் யாருடைய சாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். உங்களில் சிலருக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் ஆவுடையம்மாள். பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே உள்ள எங்கள் பள்ளியில் தமிழ் டிவிஷன் ஒன்றாம் வகுப்பு டீச்சர். மகாராஜா காலத்தில் தாலுகா கச்சேரி குமாஸ்தாக்களாக இருந்த சைவக் குடும்பம். கணவர் தாணுமூர்த்தி அண்ணன் மின்சார அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்தப் பள்ளிக்கு வந்தபோது எனக்கு நான்காம் வகுப்பு தந்தார்கள். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் இடையே ஒரு மூங்கில் தட்டிதான். ஆகவே அவர் குரலை நான் நாள்தோறும் கேட்டவன்.

நான் சேரும்போதே அவருக்கு மூன்று நோய்கள் இருந்தன. மூட்டுகளை வீங்க வைத்து விரல்களைக் கோணலாக்கிய வாதம் முதலாவது. சர்க்கரை இரண்டாவது. தைராய்டு மூன்றாவது. இவற்றில் எது மோசம் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "மூணு மருமக்கமாரு ஒரு அடுக்களையில நிக்குத மாதிரியாக்கும் சாரே. ஒருத்திக்கு நல்ல வார்த்தை சொன்னா மற்ற ரெண்டும் முகத்தைத் தூக்கும்" என்றார். உண்மையும் அதுதான். மூட்டுக்குக் கொடுத்த மாத்திரை சர்க்கரையை ஏற்றியது. சர்க்கரைக்காகச் சாப்பாட்டைக் குறைத்தால் வலி மாத்திரை வயிற்றைப் புரட்டியது. காரக்கோணத்தில் அவரைப் பார்த்துவந்த மருத்துவர் ஒவ்வொரு மாதமும் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைப்பார். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, பஞ்சாயத்துத் தேர்தல் முடிவு சொல்வதுபோல் ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு அறிவிப்பார்.

வலியைவிட அவரை அதிகம் அடித்தது களைப்பு. வலி என்றால் பிறருக்குப் புரியும், களைப்பு என்றால் வெறும் மடி, சோம்பல் என்று நினைப்பார்கள் என்று அவர் சொல்வதுண்டு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. காலையில் கண் விழிக்கும்போதே முந்தின நாள் வேலை முழுவதும் உடம்பில் கிடக்குமாம். அவர் விடியும் முன்பே எழுந்துவிடுவார் என்று தாணுமூர்த்தி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெந்நீரில் கைகளை வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பழக்கி, ஒரு பொத்தான் போடும் நிலைக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆகுமாம். அதன் பிறகு புடவை, தலை, மாத்திரை, ஆட்டோ. ஒன்பதரை மணிக்குப் பள்ளிக் கேட்டுக்குள் வரும்போது ஏற்கெனவே ஒரு நாள் வேலை பார்த்துவிட்ட மனுஷியாகத்தான் வருவார். எங்களுக்கோ அப்போதுதான் கொட்டாவி.

வகுப்பை அவர் அமைத்திருந்த விதம் ஒரு பெரிய அதிசயம். சாக்பீஸை மெலிதாகப் பிடிக்க அவர் விரல்களால் ஆகாது. அதனால் சாக்பீஸின் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிச் சுற்றி வாழைக்காய் பருமனுக்கு ஆக்கி, அதை உள்ளங்கையால் பிடித்து எழுதுவார். எழுத்து மட்டும் முத்துமுத்தாக இருக்கும். கணக்கை எப்போதும் பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் வைத்துக்கொள்வார். அவருடைய உடம்பு அவர் சொன்னபடி கேட்கும் நேரம் அது ஒன்றுதான். அதற்காகத் தலைமையாசிரியரோடு சண்டை போட்டுக் கால அட்டவணையையே மாற்ற வைத்தார். மேசையை நடுவில் போட்டு, பிள்ளைகளை அவரைச் சுற்றி உட்கார வைத்திருந்தார். சிலேட்டைக் காட்ட அவர்கள்தான் எழுந்து வரவேண்டும். "நடக்க அதுகளுக்குக் காலு உண்டு. வைய எனக்கு வாயி உண்டு. பின்னே என்ன?" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தினமும் காலையில், இன்றைக்கு எதைச் செய்வதில்லை என்று ஒன்றைத் தீர்மானித்துவிடுவார். எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று புறப்பட்டால் மத்தியானத்துக்குள் எல்லாம் கைநழுவும் என்பது அவர் கண்ட அனுபவம். ஆகவே ஒன்றைத் தானே முன்கூட்டி விட்டுவிடுவார். விட்டதைப் பற்றி அன்று முழுக்க ஒரு வருத்தமும் படமாட்டார். ஒருநாள் தலையைப் பின்னாமல் கொண்டையாக முடிந்து வருவார். ஒருநாள் யாருக்கும் கைதூக்கி வணக்கம் சொல்லமாட்டார். "இன்னைக்குக் கை பொக்குகது இல்ல சாரே, மனசுல வச்சுக்கிடுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். மதியம் சாப்பிட்டதும் ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் கால் மணி நேரம் கண்ணை மூடிப் படுப்பார். அந்த நேரத்தில் யாராவது போய் "சுகமில்லியா டீச்சரே" என்று கேட்டுவிட்டால், அதற்குப் பதில் சொல்வதிலேயே அவருடைய ஓய்வு தீர்ந்துவிடும். கேட்டவருக்கு அடுத்த கால் மணி நேரம் நன்றாகக் கிடைக்கும்.

மகளும் மருத்துவரும் வேலையை விட்டுவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தாணுமூர்த்தி அண்ணனும் ஓரிருமுறை சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கு டீச்சர் சொன்ன பதிலை அண்ணன் என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். "வீட்டுல இருந்தா இருபத்தினாலு மணிக்கூறும் நான் ரோகியாக்கும். பள்ளிக்கூடத்துல ஆறு மணிக்கூறு நான் டீச்சர். அந்த ஆறையும் எடுத்துப்போட்டா பின்ன எனக்கு என்ன உண்டு?" அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான் நான் வேட்டு வைக்கப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். நான் சுபாவத்தில் இரக்கக்காரன். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே அழுது முடித்துவிடுகிற ஜாதி. இப்படிப்பட்டவர்களிடம் நோயாளிகள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

எங்கள் பள்ளியில் ஒரே கூரைக்குக் கீழே மலையாளம் டிவிஷன், தமிழ் டிவிஷன் என்று இரண்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் மேலிடத்து அதிகாரி வந்து பிள்ளைகளைத் தலை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் டீச்சரை இடம் காலியான வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மே மாதத்து வெயிலில் நாங்கள் இரண்டிரண்டு பேராகக் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போவோம். பெண் கேட்டுப் போகிறவர்களுக்குக்கூட அவ்வளவு உபசாரம் பேச வேண்டியிருக்காது. ஒருபக்கம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன் வாசலுக்கே வருகிறது. மறுபக்கம், மலையாளம் படித்தால்தானே பரீட்சை எழுதி உத்தியோகம் கிடைக்கும் என்கிற கேள்வி. நான் சேர்ந்து சில வருடம் கழித்து ஒருமுறை ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் மிகவும் குறைவு. காலியாக இருந்த ஒரே இடம் கிழக்கே மலையடிவாரத்துப் பள்ளி. அங்கே போக இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு ஏற்றமும் ஏற வேண்டும். ஆவுடை டீச்சரால் அது முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். டிவிஷன் போனால் அவர் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அந்த மே மாதம் பார்த்து அவர் நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தார். மூன்று வாரம் எழவில்லை. நான் தனியாகவே வீடுகளுக்குப் போனேன். முதல் இரண்டு வீட்டில் தமிழின் பெருமையைப் பேசினேன். மோர் கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. மூன்றாவது வீட்டில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆவுடை டீச்சரின் நோயைப் பேசினேன். வெந்நீரில் விரல்களை வைத்து அவர் படும் பாட்டையும் கோணிப்போன கைகளையும் வர்ணித்து, அந்த அம்மாவை நினைத்தாவது பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். போன வீடெல்லாம் பலாச்சுளையும் வாக்கும் கிடைத்தன. ஐந்து வீடுகளில் கட்டாயம் அனுப்புகிறோம் என்றார்கள். எண்ணிக்கை தேவைக்கு ஒன்று கூடவே ஆகிவிட்டது. என் பேச்சுத் திறமையை எண்ணி மகிழ்ந்துகொண்டே வீடு வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை பள்ளி திறந்தது. டீச்சரும் எப்படியோ எழுந்து வந்துவிட்டார். ஆனால் அந்த ஐந்து பிள்ளைகளும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நான் அந்த ஐந்து வீடுகளில் ஒன்றான ரோசம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் பாறை உடைக்கிறவர். ஷீபா என்று ஒரே மகள். என்னைக் கண்டதும் ரோசம்மா நாற்காலி போட்டுவிட்டு, தான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு நின்றாள்.

"சாரு அன்னைக்குச் சொன்னதைக் கேட்டு ராத்திரி எனக்கு உறக்கமே இல்ல. அவ்வளவு நோவோட இருக்கிய அம்மைக்க தலையில எங்க பிள்ளையளையும் கொண்டு வைக்கப் பிடாதுன்னு நாங்க அஞ்சு வீட்டுக்காரியளும் பேசினோம். பாவம், அவியளுக்கு ஒரு உபகாரமாட்டு இருக்கட்டுமே" என்றாள்.

நான் விதைத்த இரக்கம் இப்படி முளைத்திருந்தது. இன்னும் ஒரு வீட்டில், அந்த நோய் பிள்ளைகளுக்குப் பகருமா, தொற்றிக்கொள்ளுமா என்றும் கேட்டார்கள்.

மறுநாள் மதியம், அவர் பெஞ்சிலிருந்து எழுந்து உட்காரும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்க நோவு எனக்க பொருளாக்கும் சாரே. அதை எனக்கிட்ட கேக்காம எடுத்துக்கொண்டு போயி வீடு வீடா வெளம்பிட்டிய, இல்லியா?"

சத்தமாகச் சொல்லவில்லை. சாப்பாடு பரிமாறுவதைத்தான் எங்கள் பக்கத்தில் விளம்புவது என்போம். அந்த ஒரு சொல்லில் நான் இருந்த இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வரும்படி மட்டும் சொன்னார். ஐந்து வீட்டுக்கும் இருவருமாகப் போக வேண்டும் என்றார். நான் மழையைச் சொன்னேன், ஏற்றங்களைச் சொன்னேன். ஆட்டோ போகாத வழிகளைச் சொன்னேன். அவருக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. மழைக்காலத்தில் அவருடைய முழங்கால்கள் வீங்கிவிடும். ஆட்டோவில் முடிந்தவரை போய், பிறகு நடந்தோம். ரோசம்மாவின் வீடு மேட்டில் இருந்தது. வெட்டுகல்லில் வெட்டிய செங்குத்தான படிகள், பாசி படிந்தவை. கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை வைத்து, மறுகாலை அதனருகே சேர்த்து, அப்படியே ஒவ்வொன்றாக ஏறினார். ஏழெட்டுப் படி ஏறியதும் நின்று, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவளுடைய ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று விசாரித்தார். இரண்டு குட்டி என்று அவள் சொன்னாள். கிடாயா பெட்டையா என்று கேட்டார். மறுபடி ஏறினார். இன்னும் ஏழெட்டுப் படி. அங்கே நின்று ஒரு பலாமரத்தை அண்ணாந்து பார்த்து, இதில் காய்ப்பது வரிக்கைச் சுளையா கூழைச் சுளையா என்று கேட்டார்.

உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். டீச்சரோடு நடந்தால் வழியில் ஒரு ஆட்டையோ ஒரு வாழையையோ விசாரிக்காமல் விடமாட்டார் என்று நாம் கேலி செய்திருக்கிறோம். சாயங்காலம் பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக அரை மணி நேரம் ஆக்குகிற வாயாடி என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது. அவர் விசாரித்தது எல்லாம் மூச்சு வாங்கவும் முழங்காலை ஆற்றவும் எடுத்துக்கொண்ட இடைவேளை. யாரும் இரக்கப்படாமல், யாரையும் காத்திருக்க வைக்காமல், நடுவழியில் நிற்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி. வருடக்கணக்காகப் பக்கத்தில் நடந்த எனக்கே தெரியாமல் அதைச் செய்திருக்கிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேட்ட பதில்களை அவர் மறக்கவும் இல்லை. அடுத்த மாதம் அந்த ஆட்டுக்குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று அவளிடம் கேட்டார். எனக்கு அந்தப் படியிலேயே அவர் காலில் விழத் தோன்றியது. விழுந்திருந்தால் இரண்டு பேரும் கீழேதான் போயிருப்போம்.

மேலே போனதும் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். ரோசம்மா பதறிப்போய் நின்றாள். நான் சொன்னதெல்லாம் பொய் என்று டீச்சர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு ரோகம் உண்டு ரோசம்மா, மூணு. இந்த சாரு சொன்னது கொறவுதான், கூடுதல் இல்ல. ஆனா அது காலம்பற ஒம்பதரை மணி வரைக்கும் உள்ள சோலியாக்கும். ஒம்பதரைக்குப் பெறகு உனக்க மகதான் எனக்க சோலி. அதைப் பறிச்சுப்போட்டு எனக்கு உபகாரம் செய்யாதே மக்கா."

அதற்குள் ஷீபா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து டீச்சரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் அவளை இழுக்கப் போனாள். டீச்சர் தடுத்து, முற்றத்தில் காயப்போட்டிருந்த பாக்கில் கொஞ்சம் அள்ளிவரச் சொல்லி, தரையில் வைத்து எண்ணச் சொன்னார். ஷீபா எண்ணிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தி, அந்தக் கோணல் விரலைத் தொட்டாள்.

"இது நோவுமா?"

"நோவும்."

"இப்பமும் நோவுதா?"

"இப்பமும் நோவுது."

"பின்னே அழாம இருக்கிய?"

"அழுதா நீ எண்ணுகதை விட்டுருவியே. பதினொண்ணுக்குப் பெறகு என்ன?"

"பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு அவள் எண்ணத் தொடங்கினாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிச்ச வீடுகளுக்கும் போனோம். ஒரு வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளை மலையாளம் டிவிஷனில் சேர்ந்துவிட்டது. மற்ற நான்கு வீடுகளும் சம்மதித்தன. நான்கும் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும், வருமா வராதா என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழப்பம். டீச்சருக்கு அந்தக் குழப்பத்துக்கும் வழியில்லை. அவர் அன்று படுக்கையிலிருந்து திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தார் என்று பிறகு அண்ணன் சொன்னார்.

திங்கட்கிழமை ஆறாவது வேலை நாள். ஒன்பதரைக்கு ஆட்டோ கேட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அண்ணன் அவரைத் தாங்கி இறக்கினார். அவருக்குப் புடவை கட்டிவிட்டதும் அண்ணன்தான் என்பது கொசுவத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் டீச்சர் அண்ணனைப் போகச் சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். பள்ளி முழுக்க எழுந்து நின்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்தார்கள். தட்டி ஓரமாக நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. டீச்சர் எழவில்லை. தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார். டீச்சர் அதிகாரியைப் பார்த்து, நல்ல மலையாளத்தில், இன்று எழுந்து நிற்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, எண்ணிக்கொள்ளலாம் என்றார். அதிகாரிக்குப் புரிந்ததோ இல்லையோ, எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒன்றுகூட உபரி இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போகும்போது டீச்சர் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருந்தார். ஒன்றாம் வகுப்புக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு எதற்கு என்று பிற்பாடு கேட்டேன். "எனக்கு முழிச்சிருக்க வேண்டாமா?" என்றார்.

அதன் பிறகும் பல வருடம் அவர் அந்த வகுப்பில் இருந்தார். நோய்கள் குறையவில்லை. சிறுநீரகமும் சேர்ந்துகொண்டது, நாலாவது மருமகள் வந்தாச்சு என்றார். போன மாதம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது என்னைத் தவிர எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பேச மூச்சு போதவில்லை. இரண்டு தெரு தள்ளி லதா என்று ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கும் இதே வாதம் வந்திருக்கிறது. குழந்தையைத் தூக்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாளாம்.

"நான் போகணும்னு நெனச்சேன், ஆவல்ல. சாரு போயி எனக்க கதையைச் சொல்லணும்" என்றார். நான் தயங்கினேன். அவருக்கு என் தயக்கத்தின் காரணம் தெரிந்தது. "இப்பம் நானாக்கும் தருகது. ஆனா முழுசாட்டுச் சொல்லணும். அன்னைக்கு நீங்க நோவை மட்டும் சொன்னிய. ஒம்பதரைக்குப் பெறகு உள்ளதைச் சொல்லாம விட்டுப்போட்டிய."

அவருடைய பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்த மறுநாள் நான் லதாவின் வீட்டுக்குப் போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, துணி சுற்றிய சாக்பீஸிலிருந்து தொடங்கி, அதிகாரி முன்னால் எழாமல் இருந்ததுவரை சொன்னேன். அவள் அசையவில்லை. எல்லாம் முடிந்தபிறகு சுவரைப் பார்த்தபடியே ஒன்றே ஒன்று கேட்டாள். "அவிய பேரப்பிள்ளையத் தூக்குவாவளா?"

தூக்குவார். நான் பார்த்திருக்கிறேன். விரல்களை அந்த வேலைக்கே கூப்பிடமாட்டார். இரண்டு முன்கைகளையும் மல்லாக்கத் திருப்பி, பிள்ளைக்கு அடியில் முழங்கை வரை நுழைத்து, முதலில் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் நிமிர்வார். நான் ஒரு தலையணையை எடுத்து அதைச் செய்து காட்டினேன். ஐம்பதை நெருங்கும் ஒரு வாத்தியார் தலையணையைக் கொஞ்சுவதைப் பார்த்து லதாவின் மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. லதா திரும்பி உட்கார்ந்தாள். இன்னொருமுறை காட்டச் சொன்னாள்.

ஆவுடை டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். ஒருவருடைய நோவைச் சொல்லும்போது, அதோடு அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற புத்தி. அதுவும் அவராகத் தந்தது. அவரிடம் படித்தவர்களும் அவரோடு நடந்தவர்களும் இதில் ஆளுக்கொரு பங்கு வைத்திருப்பீர்கள். தேவைப்படுகிற வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், முழுசாகச் சொல்லுங்கள்.

லதா பாயில் கிடந்த குழந்தைக்கு அடியில் முன்கைகளை நுழைத்தாள். இரண்டுமுறை நிறுத்தினாள். மூன்றாவது முறை நெஞ்சோடு சேர்த்து எடுத்துவிட்டாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நோவுதா என்று கேட்டேன்.

"நோவுது" என்றாள். குழந்தையை இறக்கவில்லை.